கல்லைப் பார்த்தவன் ராஜா

என் பிள்ளைகளைக் காரில் அழைத்துப் போன எந்தப் பயணத்திலும் நான் அவர்களுக்கு விளையாட்டுக் காட்டியதில்லை. அவர்கள் பின் இருக்கையில் நெளிவார்கள், ஒருவரை ஒருவர் கிள்ளுவார்கள், இன்னும் எவ்வளவு தூரம் என்று நச்சரிப்பார்கள். என் மனைவிதான் விடுகதை போட்டும் பாட்டுப் பாடியும் சமாளிப்பாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அப்பாவுக்குக் குழந்தைகளோடு விளையாடத் தெரியாது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அதை நான் மறுத்துச் சொன்னதில்லை. உண்மையில், வண்டியில் போகிற குழந்தையை அழாமல் பார்த்துக்கொள்வதில் நான் கெட்டிக்காரன். பத்தொன்பது வயதில், ஒரு பகல் முழுவதும், அந்த வேலையைக் குறையில்லாமல் செய்து முடித்தேன்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சங்கரன்கோவிலில் தேரடிக்குப் பின்னால் எங்கள் வீடு. நிலம் இளையரசனேந்தல் பக்கம், முழுக்கக் கரிசல். மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் வெடிப்பு. தொடர்ந்து மழை பொய்த்த காலம் அது. வீட்டில் நான் மூத்தவன், பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அடுத்து ஒரு தம்பி. பிறகு ஒன்பது வயதுத் தங்கை. கடைசியாக அவன், ஆறு வயது.

அப்பாவின் பெரியப்பா மகன் ஒருவர், எங்களுக்குப் பெரியப்பா முறை, திருச்சிக்கு அப்பால் காவிரிக் கரையில் இருந்தார். நஞ்சை, தென்னந்தோப்பு, சொந்தக் கார் எல்லாம் இருந்தன, பிள்ளை இல்லை. எங்கள் கடைசிப் பையனைச் சுவீகாரம் கேட்டார். மூத்தவனின் படிப்பைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லியனுப்பினார். என் படிப்பு அந்த வருஷத்தோடு நின்றுபோகிற நிலையில் இருந்தது. அப்பா சம்மதித்தார். அம்மா சில நாள் யாரோடும் பேசவில்லை. பிறகு அவளும் தலையை ஆட்டினாள். ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் எதுவும் செய்ய முடியாது என்பதால் ஆனி முடிவதற்குள் நாள் குறித்தார்கள்.

பையனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. ரயிலில் போயிருக்கலாம். ஆனால் ரயிலடியில் ஊரார் யாராவது வாய்தவறிக் கேட்டுவிடுவார்கள். அதனால் பெரியப்பா தன் காரையே அனுப்பினார். கார் என்றால் பையனை ஏற்ற யாரும் பாடுபட வேண்டியதில்லை. ஊருக்குள் எப்போதாவது ஒரு பிளசர் வந்தால் (காருக்கு அன்று அதுதான் பெயர்) புழுதியைக் குடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே ஓடுகிறவன் அவன்.

முதல் நாள் மாலை அப்பா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார்.

"நாளைக்கு நீ பின்னால அவன்கூட உக்காரு. வழியில அழாமப் பாத்துக்க."

"சரிப்பா."

"ஏலே, சும்மா சொல்லலை. அவன் ஒரு தடவ அம்மான்னு அழுதான்னா எனக்குத் தாங்காது. வண்டியத் திருப்பச் சொல்லிருவேன். அப்புறம் அந்த அண்ணாச்சி மொகத்துல முழிக்க முடியாது. ஒன் படிப்பும் போச்சு."

இவ்வளவுதான் சொன்னார். எனக்குத் தெளிவாகப் புரிந்தது. அவன் அழுதால் அவன் வீடு திரும்புவான். அழாவிட்டால் நான் கல்லூரிக்குப் போவேன். தங்கையையும் கூட்டிப் போகலாம், அக்கா கூட இருந்தால் அவனுக்குச் சந்தேகம் வராது என்று யோசனை சொன்னதும் நான்தான்.

விடிவதற்கு முன்பே கார் வாசலில் நின்றது. டிரைவர் முன்னால் குனிந்து கம்பியைச் செருகிச் சுழற்ற, அது உறுமிக்கொண்டு உயிர் பெற்றது. பையன் கைதட்டிக் குதித்தான். அம்மா கோயில் புற்றுமண்ணைக் குழைத்து அவன் நெற்றியில் இட்டாள். அவன் துடைத்துக்கொண்டே காரின் படியில் தாவி ஏறினான்.

"நான் முன்னால உக்காருதேன்!"

"அப்பா உக்காருவாக. பின்னால வால," என்றேன்.

"அப்ப திரும்பி வரும்போது நான் முன்னால. சரியா அண்ணாச்சி?"

"சரி."

"தபசுக்கு வந்திருவோம்லா?"

ஆடித் தபசு எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தீபாவளியைவிடப் பெரிது. சப்பரம் வருவதும் ராட்டினம் சுற்றுவதும் அவன் வருஷம் முழுக்கப் பேசுகிற விஷயங்கள்.

"வந்திருவோம்," என்றேன். அதில் பொய் இல்லை என்று அப்போது மனதுக்குள் சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது. நான் வந்துவிடுவேன் அல்லவா?

அம்மா வாசலுக்கு வெளியே வரவில்லை.

ராஜபாளையம் தாண்டும்வரை அவனுக்குக் கார் மட்டுமே போதுமாக இருந்தது. ஹாரனின் ரப்பர் பந்து, கதவின் கைப்பிடி, கண்ணாடியை இறக்கும் சக்கரம் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தான். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பிறகு வெயில் ஏறியது. தோல் இருக்கை சுட்டது. மேற்கே மலை நகராமல் கூடவே வந்தது. அவன் உட்காருவதும் எழுவதுமாக இருந்தான். "எப்ப வரும்?" என்று முதல் தடவை கேட்டபோது நான் விளையாட்டை எடுத்தேன். முன்பே யோசித்து வைத்திருந்தேன்.

சாலையோரத்து மைல்கல்லை யார் முதலில் பார்த்துக் "கல்லு!" என்று கத்துகிறார்களோ அவர் ராஜா. அடுத்த கல் வரும்வரை ராஜா வைத்ததே சட்டம். கழுதை மாதிரி கத்தச் சொன்னால் கத்த வேண்டும். ராஜாவை மற்றவர்கள் "வாங்க, போங்க" என்று பேச வேண்டும். ராஜா யாரையும் "நீ" என்று சொல்லலாம், என்னைக்கூட.

அந்தக் கடைசி விதியில்தான் அவன் விழுந்தான்.

"கல்லு!" என்று அலறினான். "ஏலே அண்ணாச்சி, நீ கோழி மாதிரி கொக்கரி!"

தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் கொக்கரித்தேன். முன்னால் டிரைவரின் தோள் குலுங்கியது. அப்பா திரும்பவில்லை.

"ஏட்டி அக்கா, நீ அதுக்கு முட்ட போடு!"

"போ மூதி, நான் போட மாட்டேன்."

"ராஜாவ மூதிங்கா! அண்ணாச்சி, இவ தலைய வெட்டு!"

டிரைவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "சின்ன எஜமான் சொன்னா சரிதான்," என்றார். அப்பா சட்டென்று அவர் பக்கம் திரும்பினார். டிரைவர் வாயை மூடிக்கொண்டார். பையனுக்கு அந்தப் பெயர் மிகவும் பிடித்துப்போயிற்று. விளையாட்டில் டிரைவரும் சேர்ந்துகொண்டார் என்று நினைத்தான். அதற்குப் பிறகு எங்களையும் அப்படியே கூப்பிடச் சொன்னான். நானும் தங்கையும் அவனைச் சின்ன எஜமான் என்று கூப்பிட்டோம்.

மதுரையில், வைகையைத் தாண்டி, ஒரு மர நிழலில் வண்டி நின்றது. ஆறு மணலாகக் கிடந்தது. அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைப் பிரித்தோம். அப்பா கை துடைக்கத் துண்டு கேட்டார். தங்கை பெட்டியைத் திறந்தாள். திறந்தவள் அதன் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள். பையன் டிரைவரோடு போய் இஞ்சினில் தண்ணீர் ஊற்றுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி," என்றாள் மெதுவாக. "எனக்கு ஒத்தப் பாவாடைதான எடுத்து வச்சிருக்கா அம்மா?"

"ஆமா, என்ன?"

"தம்பிக்கு எல்லாச் சட்டையும் இருக்கு. சிலேட்டு இருக்கு. ஒடஞ்ச பம்பரங்கூட இருக்கு."

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"அவன அங்கன விட்டுட்டு வரப் போறோமா?"

"பெரியப்பா வீட்டுல பிள்ளை இல்லல்லா. அவன் அங்கன இருந்து படிப்பான். பெரிய ஆளா வருவான்."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நான் சொல்லிருதேன்," என்று எழுந்தாள்.

அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். அதற்கு நான் எத்தனையோ சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது இதுதான்: "நீ சொன்னா அவன் வர மாட்டேன்னு அழுவான். அப்புறம் அவனுக்குப் பதிலா ஒன்னையத்தான் விட்டுட்டு வருவாக."

பெண்பிள்ளையைச் சுவீகாரம் எடுப்பது எங்களில் வழக்கமில்லை. ஒன்பது வயதில் அவளுக்கு அது எப்படித் தெரியும்? அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். பெட்டியை மூடினாள். துண்டை எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் கொடுத்தாள். மிச்சச் சோற்றை அவள் சாப்பிடவில்லை.

மேலூர்ச் சாலையில் மறுபடியும் விளையாட்டு தொடங்கியது. தங்கை ஜன்னலோரம் இருந்தாள். கற்கள் அவள் பக்கம்தான் வந்தன. தூரத்தில் வெள்ளையாக ஒன்று தெரியும், அவள் கண் அதில் நிற்கும், வாய் திறக்காது. கல் அருகில் வந்த பிறகு அவன் எட்டிப் பார்த்துக் கத்துவான். ஒவ்வொரு கல்லுக்கும் அவனே ராஜா.

"அக்காவுக்குக் கண்ணு பொட்டையாப் போச்சு!" என்று கும்மாளமிட்டான்.

"ஆமாங்க ராஜா," என்றாள் அவள்.

அவனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். கல்லில் இருக்கிற ஊர்ப் பெயரைத் திக்கித் திக்கிப் படிப்பான். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்: "நம்ம ஊர் பேரு ஒரு கல்லுலயும் இல்லையே அண்ணாச்சி?"

"அது அந்தப் பக்கம் போட்டிருக்கும். திரும்பி வரும்போதுதான் தெரியும்."

"அப்ப நான் முன்னால உக்காந்து படிக்கேன்."

விராலிமலை நெருங்கும்போது அவனுக்குக் குமட்டியது. வண்டியை நிறுத்தி வாந்தி எடுக்க வைத்தோம். மறுபடி ஏறியபோது ஆள் துவண்டு போயிருந்தான். என் மடியில் படுத்தான். வேர்த்த தலை. புற்றுமண் கலைந்து புருவத்தில் ஒட்டியிருந்தது. "வீட்டுக்குப் போவோம்," என்றான்.

"இந்தா வந்திரும்ல."

"எனக்குப் பெரியப்பா வீடு வேண்டாம். அம்மாட்டப் போணும்." உதடு பிதுங்கியது. "அம்மா..."

முன்னால் அப்பாவின் கழுத்து விறைத்தது. அவர் கை மெதுவாக எழுந்து டிரைவரின் பக்கமாக நீண்டது. டிரைவரும் அதைப் பார்த்துவிட்டார். வண்டியின் வேகம் குறைந்தது. தங்கை என்னைப் பார்க்கவில்லை, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு மூச்சு அவன் அழுதிருந்தால் போதும்.

"கல்லு!" என்று நான் கத்தினேன்.

அவன் துள்ளி எழுந்து ஜன்னலுக்குப் பாய்ந்தான். வெளியே கல் எதுவும் இல்லை. பொட்டல்காடும் ஒரு பனையும்தான்.

"எங்கன? எங்கன கல்லு?"

"தாண்டிப் போச்சு. நான்தான் ராஜா."

"பொய்! அங்கன கல்லே இல்ல! கள்ளாட்டம்! அக்கா, கல்லு இருந்துச்சா?"

தங்கை என்னைப் பார்த்தாள். பிறகு, "இருந்துச்சு," என்றாள்.

"ரெண்டு பேரும் கள்ளாட்டம்!" கோபத்தில் அவன் என் முதுகில் குத்தினான். நான் வலிப்பதுபோல நடித்தேன். அவன் சிரித்துவிட்டான். அம்மா மறந்துபோயிற்று. அப்பாவின் கை தொடைமேல் திரும்பி வந்து படுத்தது. தலை குனிந்தது. வண்டி வேகம் எடுத்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம்.

மறுநாள் காலையில் சடங்கு. அவனுக்கு மட்டும் சின்னப் பட்டு வேட்டி கட்டினார்கள். எங்கள் வீட்டில் கட்டிய கறுப்பு அரைஞாண் கயிற்றை அறுத்துவிட்டு வெள்ளியில் ஒன்று கட்டினார்கள். கூச்சத்தில் நெளிந்து சிரித்தான். மஞ்சள் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். அப்பா அவன் கையைப் பிடித்துப் பெரியப்பாவின் கையில் வைத்து நீர் வார்த்தார். பாதி நீர் வெளியே சிந்தியது. பையன் என் பக்கம் திரும்பி, "எனக்கு மட்டும் எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டான்.

"நீதான ராஜா," என்றேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா என்னைப் பார்த்தார். அவரால் முடியாது என்று அந்தப் பார்வைக்குப் பொருள். திரும்புவதற்கு எங்களுக்கு ரயில். கார் இனி அவனுடைய வீட்டுக் கார். பின்வாசலில் மாட்டுவண்டி காத்திருந்தது. நான் அவனைக் கூட்டிக்கொண்டு முன்வாசலுக்குப் போனேன். கார் வேப்பமரத்தடியில் நின்றது. முன்கதவைத் திறந்தேன்.

"ஏறு. திரும்பிப் போகும்போது முன் சீட்டுன்னு கேட்டேல்லா?"

அவன் முகத்தை இப்போதும் என்னால் எழுத முடியவில்லை. அவ்வளவு சந்தோஷம். ஏறி, கால் தரையில் எட்டாமல், நேராக உட்கார்ந்தான். என் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவன் மணிக்கட்டில் மாட்டினேன். அது முழங்கைக்கு ஏறியது.

"பெரிய முள்ளு மேல வரும்போது நாங்க வந்திருவோம். அதுவரைக்கும் எறங்கக் கூடாது. சீட்ட யாராவது பிடிச்சுக்கிடுவாக."

"எறங்க மாட்டேன். சீக்கிரம் வாங்க அண்ணாச்சி," என்றான். அப்போது அவன் ராஜா இல்லை. அதனால் மரியாதையாகச் சொன்னான்.

நாங்கள் பின்வாசல் வழியாகப் போய்விட்டோம்.

வீட்டில் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அழுதானா?"

"இல்லம்மா. வழியெல்லாம் வெளையாடிக்கிட்டேதான் வந்தான்."

அது உண்மை. அதற்குப் பிறகு அம்மா என் கையால் எதையும் வாங்கிக் குடித்ததாக எனக்கு நினைவில்லை. தபசு வந்தது; சப்பரம் வந்தது. நான் கல்லூரியில் இருந்தேன்.

தீபாவளிக்குத் துணிமணிகளோடு அந்த டிரைவர் வந்தார். என்னைத் தனியே அழைத்துக் கடிகாரத்தைக் கொடுத்தார். "சின்ன எஜமான் இத வீசிட்டாரு. நான் எடுத்து வச்சிருந்தேன்," என்றார். பிறகு, நான் கேட்காமலே சொன்னார்: "அன்னிக்குப் பொழுது சாயிற வரைக்கும் வண்டிய விட்டு எறங்கல தம்பி. மூத்திரங்கூட உள்ளயே. முள்ளு மேல வந்துடுச்சா, வந்துடுச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. அப்புறம் கேக்கறத விட்டுட்டாரு."

பிள்ளை மனம் மாறிவிடும் என்று பெரியப்பா பல வருஷம் எங்களை அங்கே வரவிடவில்லை. நான் படித்து முடித்து மதுரையில் பேராசிரியனானேன். அப்பா இறந்தபோது அவன் வந்தான். சுவீகாரம் போனவனுக்குப் பெற்றவர் வீட்டுத் தீட்டு இல்லை; கொள்ளியும் இல்லை. மாலை ஒன்றைப் போட்டுவிட்டு வெளியூர்க்காரர்களோடு நின்றான். நானும் எனக்கு அடுத்த தம்பியும் மொட்டை போட்டுக்கொண்டதைத் தூரத்திலிருந்து பார்த்தான்.

தங்கை கல்யாணமாகிப் போன பிறகு, எப்போதோ ஒருநாள், வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "அந்தக் கல்லை எல்லாம் நான் பாத்தேன் அண்ணாச்சி." இப்போது அவள் இல்லை.

அம்மா போனபோது அவன் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் காரில் வந்திருந்தான். திரும்பும்போது, "மதுரைதானே, வாங்க, விட்டுட்டுப் போறேன்," என்றான். எங்கள் ஊர்ப் பேச்சு அவனிடம் கொஞ்சமும் மிச்சமில்லை. நான் பின்னால் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். வண்டியைக் கிளப்புவதற்கு முன் அவன் திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னான்:

"ராத்திரி ஆயிடும். போரடிக்கும், பொறுத்துக்கணும். பெரியப்பா மதுரையில இறங்கிடுவார். நாம நாலு பேரும் நம்ம வீட்டுக்குப் போறோம். நாலு பேரும்."

தினமும் கேட்பதுபோலப் பிள்ளைகள் தலையாட்டினார்கள்.

திருமங்கலத்துக்கு முன்னால் சின்னவன் நெளிய ஆரம்பித்தான். "பெரியப்பா, ஏதாவது விளையாட்டுச் சொல்லுங்களேன்," என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தான். நான் முன் கண்ணாடியில் தம்பியின் முகத்தைப் பார்த்தேன். அவன் சாலையைப் பார்த்தபடியே, "பெரியப்பாவைத் தொந்தரவு பண்ணாதே," என்றான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். சின்னவன் என் மடியில் சாய்ந்து தூங்கிப்போனான். அதே கனம். அதே வேர்த்த தலை.

மதுரையில் என் தெருமுனையில் வண்டி நின்றது. பிள்ளையின் தலையை மெதுவாக எடுத்து இருக்கையில் வைத்துவிட்டு, ஓசைப்படாமல் கதவைத் திறந்தேன். அவன் இறங்கிச் சுற்றி வந்து, உள்ளே குனிந்து, மகனைத் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"எழுந்திரு. பெரியப்பா இறங்கிப் போறார்."

"தூங்கட்டுமே," என்றேன்.

"இல்லை," என்றான் என்னைப் பார்க்காமல். "பார்த்துக்கட்டும்."

பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். நான் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். தெருவில் திரும்பும்வரை அந்த வண்டி கிளம்பவில்லை.